தண்ணீரும் மின்சாரமும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: கார் கழுவுவதற்காகப் பிரஷர் வாஷரைப் போட்ட மாத்திரத்தில் வீட்டு ஈ.எல்.சி.பி. விழுந்துவிடுகிறது. அதைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் யோசனை சொல்லுகிறார். செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம், திருடனைக் கண்டு குரைத்த நாயை அடித்து விரட்டுகிற யோசனை அது. பேஸ் கம்பி வழியே போன மின்னோட்டம் நியூட்ரல் வழியே குறைவின்றித் திரும்புகிறதா என்று ஓயாமல் கணக்குப் பார்ப்பதே அந்தச் சாதனத்தின் தொழில். வீடுகளில் வழக்கமாகப் பொருத்தும் வகையில் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் தென்பட்டாலே போதும். காணாமற்போன அந்த மின்சாரம், நனைந்த சிமெண்டுத் தரையில் வெறுங்காலுடன் நிற்கும் உங்கள் தேகத்தின் மார்க்கமாகவே பூமிக்குப் போய்க்கொண்டிருக்கக்கூடுமாதலால், கண்ணிமைக்கும் நேரத்தில் அது சப்ளையைத் துண்டித்துவிடுகிறது.

மெயினை அணைத்துவிட்டு, ப்ளக்கையும் எக்ஸ்டென்ஷன் ஒயரின் இணைப்பையும் பிரித்துப் பாருங்கள். பித்தளை முனைகளில் பச்சை பூத்திருந்தால் அந்தப் ப்ளக்கை மாற்றுங்கள். வெறும் ஈரமானால் நன்றாக உலர்த்துங்கள். பிறகு எக்ஸ்டென்ஷன் இல்லாமல் சுவர் சாக்கெட்டிலேயே சொருகியும் விழுமானால், குற்றம் பெரும்பாலும் யந்திரத்தினுடையதே. பம்பின் சீல் தேய்ந்து தண்ணீர் மோட்டாருக்குள் கசிவது இவ்வகை யந்திரங்களுக்குச் சகஜமான வியாதி. மெக்கானிக் மெகர் என்ற மின்காப்புச் சோதனைக் கருவியை வைத்துப் பார்த்தால் வைண்டிங்கின் நிலை விளங்கிவிடும்.

கேள்வி: சுவிட்சைப் போட்டால் ‘உம்’மென்று உறுமுகிறதே தவிர, மோட்டார் சுற்றவில்லை.

பதில்: உடனே அணைத்துவிடுங்கள், உறுமிக்கொண்டே நிற்கும் மோட்டாரின் சுருள் வெகு சீக்கிரம் கருகும். ப்ளக்கை எடுத்துவிட்டு, கன்னின் விசையை அழுத்தி, ஹோஸில் அடைபட்டிருக்கும் அழுத்தத்தை வெளியே விடுங்கள். பின்பு விசையை அழுத்தியபடியே சுவிட்சைப் போட்டுப் பாருங்கள்.

அதற்கும் அசையாவிட்டால் சந்தேகிக்கவேண்டியது ஒயரை. 1800 வாட் யந்திரம் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8 ஆம்பியர் இழுக்கும். ஆகையால் 6 ஆம்பியர் சாக்கெட் அதற்குப் போதாது, 16 ஆம்பியர் சாக்கெட்டே உரியது. 25 மீட்டர் நீளமுள்ள 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயரானால், சுமார் 10 வோல்ட்டை வழியிலேயே தான் விழுங்கிக்கொள்வதோடு சூடும் ஏறும். ஏற்கெனவே வோல்டேஜ் தாழ்ந்திருக்கும் தெருவில் மோட்டார் எழுந்து நிற்க அதுவே பெருந்தடை. அதே நீளத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் விழுங்குவது 3 வோல்ட்தான். உருளையில் சுற்றிவைத்த ஒயரை முழுவதும் பிரித்துவிட்ட பிறகே உபயோகியுங்கள்.

இண்டக்‌ஷன் மோட்டாராயிருந்தால் கெபாசிட்டரும் கெட்டிருக்கலாம். ப்ளக்கை எடுத்த பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்குமாதலால், அந்தக் காரியத்தை விஷயம் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

கேள்வி: யாரும் தொடாமலே சில விநாடி ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. பேய்தான் புகுந்துவிட்டதா?

பதில்: பேயும் நிரபராதி, மின்சாரமும் நிரபராதி. விசையை விட்டதும் ஹோஸில் ஏறும் அழுத்தத்தால் மோட்டார் தானே நிற்கும்படி ஒரு சிறு மைக்ரோ சுவிட்சு அமைந்திருக்கிறது. எங்கேனும் துளித்துளியாகக் கசிந்து அழுத்தம் இறங்கினால், விசையை யாரோ அழுத்தியதாகக் கருதி மோட்டார் புறப்பட்டுவிடுகிறது. ஹோஸ் இணைப்பிலுள்ள ஓ-ரிங்கைக் கழற்றிப் பாருங்கள். நசுங்கித் தட்டையாகவோ வெடித்தோ இருந்தால் புதிதாக ஒன்று போடுங்கள்.

கேள்வி: காற்றுத் துவாரத்தின் வழியே உள்ளே பொறி பறப்பது தெரிகிறது.

பதில்: கார்பன் பிரஷ் மோட்டாரில் இலேசான நீலப் பொறி இயற்கை. பொறி பெரிதாகி, கருகிய நாற்றமும் கூடினால் பிரஷ் தேய்ந்துவிட்டது; ஜோடியாக மாற்றவேண்டும்.

கேள்வி: எங்கள் வீட்டு ஈ.எல்.சி.பி. ஒருநாளும் விழுந்ததில்லை. எல்லாம் சௌக்கியம் என்று நிச்சயிக்கலாமா?

பதில்: நிச்சயிக்கலாகாது. சாதனங்கள் யாவும் ஆரோக்கியமாயிருப்பதாலும் அது விழாமலிருக்கலாம். அதுவே செயலற்றுப் போயிருப்பதாலும் விழாமலிருக்கலாம். அதன்மீது ‘டி’ என்ற எழுத்துடன் ஒரு பொத்தான் உண்டு. மாதம் ஒருமுறை அதை அழுத்தினால் சட்டென்று விழவேண்டும். இன்றைக்கே அழுத்திப் பாருங்கள். விழவில்லையானால், காரைக் கழுவுவதை ஒத்திவைத்து எலக்ட்ரீஷியனை வரவழையுங்கள்.