காப்புரிமை பெற்ற வலி

2007 ஜூன் வரைக்கும் அமெரிக்கப் பெண்களுக்கு உடம்பு வலித்ததே இல்லை. வலிப்பதாகச் சொல்லிக்கொண்டார்கள், அவ்வளவுதான். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை, மூட்டில் வீக்கம் இல்லை. ஆகவே வலியும் இல்லை. கழுத்து, தோள், இடுப்பு, முழங்கால் எல்லாம் அடித்துப் போட்டது போல வலிக்கிறது, தூங்கி எழுந்தாலும் தூங்கின மாதிரியே இல்லை, சொல்ல வந்த வார்த்தை மறந்துபோகிறது என்று அழுதவர்களை, கவலையைக் குறைத்துக்கொள்ளச் சொல்லி முதுகில் தட்டி அனுப்பினார்கள். அந்தத் தட்டும் வலித்தது.

அந்த ஜூன் மாதம், ஃபைசர் கம்பெனியின் லிரிக்கா மாத்திரையை, ஃபைப்ரோமயால்ஜியா என்ற இந்த உடம்புவலி நோய்க்குத் தரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்தது. மருந்தின் இயற்பெயர் பிரகாபலின். அந்த நோய்க்கென்றே அனுமதி வாங்கிய முதல் மருந்து அதுதான். உடனே வலி நிஜமாகிவிட்டது. நேற்றுவரை காது கொடுக்க ஆளில்லாத பெண் இன்று டி.வி. விளம்பரத்தில் வந்து உட்கார்ந்தாள். 2008 ஜூனில் எலி லில்லியின் சிம்பால்டா (டுலாக்செடின்) வந்தது, 2009 ஜனவரியில் சவெல்லா வந்தது. இரண்டே வருடத்துக்குள் மூன்று மாத்திரைகள். வலி உண்மையா பொய்யா என்று பார்க்க இனிமேல் ஸ்கேன் எதற்கு? காப்புரிமை எந்தத் தேதிவரை இருக்கிறது என்று பார்த்தால் போதாதா?

அதற்கு முன்னால் இந்த நோய்க்கு இலக்கணமே இல்லை என்று சொல்லக்கூடாது. 1990-ல் அமெரிக்க மூட்டுவாத மருத்துவர்கள் சங்கம் ஒன்றை வகுத்தது. உடம்பில் 18 இடங்களைக் குறித்து, ஒவ்வொன்றையும் நான்கு கிலோ அழுத்தத்தில், அதாவது மருத்துவரின் கட்டைவிரல் நகம் வெளுக்கும் அளவுக்கு, அமுக்க வேண்டும். 11 இடங்களில் வலித்தால் நோய். பத்தோடு நின்றால்? ஃபெயில். வீட்டுக்குப் போய் இன்னும் கொஞ்சம் நன்றாக வலித்துக்கொண்டு அடுத்த தடவை வர வேண்டியதுதான். 2010-ல்தான் அதே சங்கம் இந்த அமுக்கல் பரீட்சை இல்லாத புதிய அளவுகோலைக் கொண்டுவந்தது. 1990 இலக்கணத்தை எழுதியவர்களில் முதல் பெயருக்குரியவர் ஃபிரெடரிக் வுல்ஃப். பின்னாளில் அவரே, இது ஒரு நோய் இல்லை என்று பேச ஆரம்பித்தார். இலக்கணம் எழுதியவர் கைகழுவுகிறார், மாத்திரை விற்பவர் கட்டிக்கொள்கிறார். நடுவில் படுத்திருப்பவளை யாரும் கேட்கவில்லை.

நோய் இருக்கிறது. அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. மூளையும் தண்டுவடமும் வலிச் சேதியைப் பெரிதாக்கிக் காட்டுகின்றன என்பதுதான் இன்றைய மருத்துவ விளக்கம். ரத்தத்தில் தேடினால் எப்படி அகப்படும்?

சரி, மாத்திரை என்ன செய்கிறது? காக்ரேன் என்ற ஆய்வு அமைப்பு 2016-ல் எல்லாச் சோதனைகளையும் சேர்த்துப் பார்த்தது. பிரகாபலின் சாப்பிட்ட 100 பேரில் 22 முதல் 24 பேருக்கு வலி பாதியாவது குறைந்தது. மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்ட 100 பேரில் 14 பேருக்கும் அதே அளவு குறைந்தது. ஆக, மாத்திரையின் சொந்தச் சம்பாத்தியம் நூற்றுக்கு எட்டு முதல் பத்துப் பேர். அந்தச் சிலருக்கு அது பெரிய வரம். அவர்களை நான் கிண்டல் செய்யவில்லை. மீதிப் பேருக்கு என்ன கிடைக்கிறது என்பதைக் கம்பெனியின் மருந்துக் குறிப்பே சொல்கிறது: சோதனையில் இதைச் சாப்பிட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தலைசுற்றல். வலி குறைவதைவிடத் தலை சுற்றுவதற்கே உத்தரவாதம் அதிகம். கூடவே தூக்கக் கலக்கம், கால் வீக்கம், எடை கூடுதல்.

இந்த எடை விவகாரத்தைக் கவனியுங்கள். ஐரோப்பிய மூட்டுவாத மருத்துவர் அமைப்பு 2017-ல் வெளியிட்ட பரிந்துரைகளில், அழுத்தம் திருத்தமாகச் சொன்னது ஒன்றே ஒன்று: உடற்பயிற்சி. ஏற்றுக்கொண்ட சில மருந்துகளுக்கும் பலவீனமான சிபாரிசுதான். ஆகவே மருத்துவர் சொல்கிறார்: "தினமும் நடங்க, வெயிட்டைக் குறைங்க." சொல்லிவிட்டு எழுதித் தருகிற மாத்திரை தலையைச் சுற்ற வைக்கிறது, காலை வீங்க வைக்கிறது, எடையை ஏற்றுகிறது. அடுத்த மாதம் போனால், "நான் சொன்னதைச் செய்யவே இல்லையேம்மா" என்று திட்டு. நடைப்பயிற்சிக்குக் காப்புரிமை கிடையாது. பை தூக்கிக்கொண்டு கிளினிக் வாசலில் காத்திருக்க அதற்கு மெடிக்கல் ரெப் கிடையாது.

அமிட்ரிப்டிலின் என்றொரு பழைய மருந்தும் உண்டு. 1960-களிலிருந்து புழங்குகிறது. இரவில் சிறிய அளவில் கொடுத்தால் இந்த நோயில் சிலருக்கு வலியும் தூக்கமும் கொஞ்சம் தேறும் என்று மருத்துவர்களுக்கு வெகுகாலமாகத் தெரியும். பக்கவிளைவு அதற்கும் உண்டு. ஆனால் அதன் பெரிய குற்றம் மலிவாக இருப்பது. ஃபைப்ரோமயால்ஜியாவுக்கென்று எஃப்.டி.ஏ. வாசலில் மனுப்போட அதற்கு ஒரு நாதி இல்லை. விளம்பரத்தில் அதற்காகச் சிரிக்க எந்த நடிகையும் அமர்த்தப்படவில்லை.

இன்னொரு வேடிக்கை. இதே மூன்று மாத்திரைகளையும் ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு அனுமதிக்க ஐரோப்பிய மருந்து முகமை மறுத்துவிட்டது. பலன் போதவில்லை என்றது. அட்லாண்டிக் கடலுக்கு இந்தப் பக்கம் போதாத பலன் அந்தப் பக்கம் போதுமானதாகிவிட்டது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல் எழுதும் நைஸ் அமைப்பு 2021-ல் இன்னும் ஒரு படி மேலே போய், ஃபைப்ரோமயால்ஜியா போன்ற நாள்பட்ட வலிக்குப் பிரகாபலினைக் கொடுக்கவே வேண்டாம் என்று எழுதிவிட்டது.

பிரிட்டனில் நடந்த கூத்து அதற்கும் முந்தியது. வலிப்பு நோய்க்கான பிரகாபலின் காப்புரிமை முடிந்துவிட்டது. வலிக்கான காப்புரிமை மட்டும் பாக்கி. மலிவுப் பதிப்பு வலிக்குப் போகக் கூடாதென்று கம்பெனி நீதிமன்றம் போயிற்று. 2015-ல் அரசு மருத்துவச் சேவை தன் மருத்துவர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டியதாயிற்று: வலிப்புக்கு எழுதினால் பிரகாபலின் என்று எழுதலாம், நரம்பு வலிக்கு எழுதினால் லிரிக்கா என்றே எழுத வேண்டும். உள்ளே இருப்பது ஒரே சரக்கு. விலை மட்டும் வேறு. தொண்டையில் இறங்கும் மாத்திரை, தான் எந்தக் காப்புரிமையின்கீழ் இறங்குகிறோம் என்று விசாரித்துக்கொண்டா வேலை செய்யும்? 2018 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், நரம்பு வலிக்கான அந்த உரிமையே செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதற்குள் கல்லா நிறைந்துவிட்டது. 2017-ல் மட்டும் லிரிக்காவின் உலக விற்பனை 500 கோடி டாலருக்கு மேல்.

இத்தனை கோடி சம்பாதிப்பவர்கள் அபராதத்துக்கு அஞ்சுவார்களா? 2009-ல் மருந்துகளைச் சட்டவிரோதமாக விளம்பரப்படுத்திய வழக்குகளை முடித்துக்கொள்ள ஃபைசர் 230 கோடி டாலர் கட்டியது. அதில் சம்பந்தப்பட்ட நான்கு மருந்துகளில் லிரிக்காவும் ஒன்று. அதே ஆண்டில் ஸ்காட் ரூபன் என்ற மயக்கவியல் மருத்துவர் அம்பலமானார். அவருடைய 21 வலி ஆய்வுக் கட்டுரைகள் இட்டுக்கட்டியவை. அவற்றில் பிரகாபலினைப் புகழ்ந்தவையும் உண்டு. அவருக்கு ஆய்வுப் பணம் தந்தவர்களில் ஃபைசரும் இருந்தது. தண்டனை ஆறு மாதச் சிறை. நிஜ வலியோடு வந்த பெண்ணிடம் அத்தாட்சி கேட்டவர்கள், கற்பனை நோயாளிகளின் சுகத்தை வருடக்கணக்கில் கேள்வி கேட்காமல் அச்சடித்தார்கள்.

2019 ஜூலையில் அமெரிக்காவில் லிரிக்காவின் ஏகபோகம் முடிந்தது. அதே மாதம் மலிவுப் பதிப்புக்கு அனுமதி வாங்கியவர்களில் டாக்டர் ரெட்டிஸ், அலெம்பிக், அல்கெம் என்று நம் நாட்டுக் கம்பெனிகளும் உண்டு. பெருமைப்படலாம். ஆனால் நம்மூர் மெடிக்கல் ஷாப்பில் என்ன நடக்கிறது? பிரகாபலினோடு மெத்தில்கோபாலமின், சில பட்டைகளில் நார்ட்ரிப்டிலினும் சேர்த்து ஒரே மாத்திரையாக அடித்து விற்கிறார்கள். பிரகாபலினைக் கொஞ்சம் கூட்ட வேண்டுமானால் மற்றதும் கூடும். ஒன்றைக் குறைத்தால் எல்லாம் குறையும். சீட்டில் நோயின் பெயர் இருக்காது. மருத்துவரைக் கேட்டால், "நரம்புத் தளர்ச்சிம்மா, சத்து மாத்திரைதான்." தலை சுற்றும் என்று சொல்ல நேரமில்லை, வெளியே டோக்கன் நாற்பது காத்திருக்கிறது. கம்பெனிகளுக்கும் மருத்துவர்களுக்கும் உள்ள உறவு தெரியாததா? வேறொரு மாத்திரை தொடர்பான வழக்கில், மருத்துவர்களுக்குத் தந்த தங்கக் காசு, டி.வி., ஃபிரிட்ஜ் செலவுக்கெல்லாம் வரிவிலக்கு வேண்டுமென்று சென்னைக் கம்பெனி ஒன்று உச்ச நீதிமன்றம்வரை போனதும், 2022 பிப்ரவரியில் நீதிமன்றம் மறுத்ததும் நினைவிருக்கலாம். லஞ்சத்துக்கு ரசீது வைத்துக்கொண்டு வரிவிலக்கும் கேட்கிற தைரியம் நமக்கு மட்டுமே வரும்.

2025 ஆகஸ்டில் எஃப்.டி.ஏ. இன்னொரு மருந்துக்கு அனுமதி கொடுத்திருக்கிறது. தசை இறுக்கத்துக்குப் பல பத்தாண்டுகளாகக் கொடுத்துவரும் சைக்ளோபென்சாபிரின்தான். இப்போது நாக்கின் கீழே வைக்கும் வடிவத்தில். வடிவம் புதிது, ஆகவே காப்புரிமையும் புதிது. அமெரிக்காவில் இனி கொஞ்ச காலம் பெண்களுக்கு மறுபடியும் வலிக்கும்.

இதைப் படித்துவிட்டுக் கோபத்தில் மாத்திரையை இன்றே தூக்கி எறிந்துவிடாதீர்கள். பிரகாபலினையும் டுலாக்செடினையும் திடீரென்று நிறுத்தினால் உடம்பு பழிவாங்கும். மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பத்தில் ஒருவராக இருந்து பலன் கிடைத்திருந்தால் தொடருங்கள். கிடைக்கவில்லை என்றால், சீட்டை மருத்துவர் முன்னால் வைத்து, இது எனக்கு என்ன செய்கிறது, எப்போது நிறுத்தலாம் என்று கேளுங்கள். வெளியே டோக்கன் காத்திருந்தால் காத்திருக்கட்டும்.