விழுமுன் விண்ணப்பிக்கவும்

நியூயார்க்கில் சாலைக் குழியில் இறங்கி டயர் வெடித்தால் நகர நிர்வாகத்திடம் நஷ்டஈடு கேட்கலாம். 90 நாளுக்குள் மனு கொடுத்தால் போதும். எவ்வளவு தாராளம்! ஒரேயொரு சின்ன நிபந்தனை: அந்தக் குழி அங்கே இருப்பதை யாராவது ஏற்கெனவே எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். தெரிவித்து 15 நாள் ஆகியும் அது மூடப்படாமல் இருக்க வேண்டும். 1979-இல் வந்த ஏற்பாடு. குழிச் சட்டம் என்று செல்லப்பெயர்.

நியாயம்தானே? விருந்துக்குப் போனாலே முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போகிறோம்; சொல்லாமல் கொள்ளாமல் குழியில் விழுவது என்ன பண்பாடு? பொறுப்பான ஓட்டுநர் குழியைக் கண்டதும் ஓரங்கட்டிக் கடிதம் எழுதுவார். நாட்காட்டியைக் கிழித்தபடி காத்திருந்து, 16-ஆம் நாள் வந்து நிதானமாக விழுவார். இடையில் மூடித் தொலைத்துவிட்டால்? அடுத்த தெரு இருக்கவே இருக்கிறது.

நடந்து போகிறவர்களுக்கும் இதே சட்டம்தான். அவர்களுக்காக வழக்கறிஞர்கள் 1982-இல் ஓர் அமைப்பையே தொடங்கினார்கள். ஆள் வைத்துத் தெருத்தெருவாக நடக்கவிட்டு, நடைபாதையின் ஒவ்வொரு பழுதையும் வரைபடத்தில் குறித்து, கட்டுக்கட்டாக நிர்வாகத்திடம் கொடுத்தார்கள். குழிக்கு ஒரு குறி, மேட்டுக்கு ஒரு குறி. சித்திரகுப்தன் கணக்குத் தோற்றது. இனி 'தெரியாது' என்று யாரும் சொல்ல முடியாது.

நிர்வாகமும் வரைபடத்தை அக்கறையாகப் படித்தது. மூடுவதற்கா? சேச்சே, வாதாடுவதற்கு. 2008-இல் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லிவிட்டது: படத்தில் குறித்த பழுது வேறு, ஆள் விழுந்த பழுது வேறு, நஷ்டஈடு கிடையாது.

படத்தைப் பார்த்து விழுந்திருக்கலாம் அந்த மனிதர்.