மினுக்கமும் மங்கலும்: மேசை ரயிலின் மேற்பூச்சு குறித்து ஓர் ஆய்வு

கான்சாபுரத்தில் ரயில் நிலையம் கிடையாது. 1927-இல் விருதுநகரிலிருந்து தென்காசிக்குப் பாதை போட்டவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என்று போய்விட்டார்கள். ஆகவே இவ்வூரின் ஒரே ரயில் எங்கள் வீட்டுத் தட்டட்டி அறையில், ஒட்டுப்பலகை மேல் ஓடுவது: நீலப் பெட்டிக் காலத்துப் பொதிகை எக்ஸ்பிரஸ், 87-இல் ஒரு பங்கு. அதற்கு எந்தப் பெயிண்ட் என்பதைத் தொல்காப்பியர் ஏனோ சொல்லாமல் விட்டார்.

முதற்கண் கனம். தூரிகையால் 30 மைக்ரானுக்குப் பூசினேன்; தலைமுடியைவிட மெல்லிசு. 87-ஆல் பெருக்கினால் 2.6 மில்லிமீட்டர். அசல் பெட்டியில் அந்தக் கனத்துக்கு அப்பினால் அதற்குப் பெயர் பெயிண்ட் அல்ல, சாந்து.

அடுத்து மினுக்கம். பெட்டியைச் சுருக்கலாம், சூரியனைச் சுருக்க முடியாது. பளபளக்கும் எனாமல் அடித்த குட்டிப் பெட்டி மிட்டாய் டப்பாவாகத்தான் தெரியும். மங்கல் பூச்சில் இருக்கும் நுண்ணிய சிலிக்கா வெளிச்சத்தைச் சிதறடித்து இதைச் சரிசெய்கிறது. ஆனால் எழுத்து ஒட்டியை மங்கல்மேல் நேராக ஒட்டினால், சொரசொரப்பில் காற்று சிக்கி அடியில் வெள்ளி பூத்துவிடும். எனவே முதலில் மினுக்கி, எழுத்தை ஒட்டி, பிறகு மங்கவைக்க வேண்டும். வேதாந்திகள் கவனிக்க.

ஐப்பசி அடைமழையில் என்.சி. பெயிண்டுக்குத் தின்னர் கலந்து ஸ்ப்ரே அடித்தது என் ஆய்வு வாழ்வின் சறுக்கல். தின்னர் விசுக்கென்று ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றின் ஈரம் அதில் படிகிறது. மூன்றாவது பெட்டி பால்கோவா நிறத்துக்கு வந்தது. பஸ் பாடிக்குப் பெயிண்ட் அடித்து ஓய்ந்த மாமா எட்டிப் பார்த்தார். “மாப்ளே, ஈரக் காத்துல என்.சி. அடிச்சா வெளுக்காம என்ன செய்யும்? எனாமல் மேல மட்டும் அடிச்சிராதீரும், சுருட்டிக்கிரும்.” ஏற்கெனவே அடித்திருந்தேன். உப்புத்தாள் எடுத்து எல்லாவற்றையும் தேய்த்தேன்.

பிளாட்பாரத்தில் நிற்கும் ராஜபாளையம் நாய் 8 மில்லிமீட்டர் உயரம். உடம்புக்கு வெள்ளை, மூக்குக்குக் குண்டூசி முனையால் ஒரு பொட்டு ரோஸ்.

கடைசியாகப் புழுதி. கரிசல் மண்ணைச் சலித்துத் தூவினால் இயற்கையாக இருக்கும் என்பது பாமரர் கொள்கை. 50 மைக்ரான் துகளை 87-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 4 மில்லிமீட்டருக்கு மேல், பொடி ஜல்லி. முகப் பவுடரில் சிறிது காவி கலந்து தடவுவதே சாஸ்திரம். டப்பாவைக் காணோமென்று கீழே குரல் கேட்கிறது. ஆய்வு இவ்விடத்தில் நிறுத்தப்படுகிறது.