அளவில்லா இணையத்தின் அளவு: ஒரு பாராட்டு மனு

பெறுநர்: தலைவர், இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், புது தில்லி.

பொருள்: ‘அன்லிமிடெட்’ திட்டங்களும் 28 நாள் மாதமும்.

நாட்டில் இணையத் திட்டங்கள் இரண்டு வகை. ஒன்று அளவு சொல்லி விற்கப்படுவது. மற்றது அளவே இல்லை என்று சொல்லி அளந்து விற்கப்படுவது. இரண்டாவதில் அளவு, விளம்பரத்தின் அடியில் நட்சத்திரக் குறிக்குப் பின்னால் பொடி எழுத்தில் குடியிருக்கும். அதைத் தாண்டினாலும் இணைப்பு அறுபடாது. நிறுவனங்களின் நாகரிகம் அப்படி. வேகம் மட்டும் குறையும். கைப்பேசியில் பல திட்டங்களில் அது 64 கேபிபிஎஸ். அந்த வேகத்தில் 1 ஜிபி இறங்க ஏறத்தாழ 35 மணி நேரம் ஆகும். ஒரு நாளில் இருப்பதோ 24 மணி நேரம்தான். இந்தக் குறைக்கு நிறுவனங்கள் பொறுப்பல்ல.

வீட்டு இணைப்பில் வேகம் 512 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழே போகக் கூடாது என்று ஆணையம் 2016இல் உத்தரவிட்டது. அன்றைக்கு பிராட்பேண்ட் என்பதற்கான வரையறையும் அதுவே. 2023இல் வரையறை 2 எம்பிபிஎஸ் ஆனது. கைப்பேசியின் 64 இதில் முப்பதில் ஒரு பங்குகூட வராது. ஆனாலும் ரசீதில் ‘அன்லிமிடெட்’ என்ற பெயர் மாறுவதில்லை.

கட்டுப்பாட்டுக்குச் சொல்லப்படும் காரணம் நெரிசல். அது முழுப் பொய்யல்ல: ஒரு கோபுரத்தின் கொள்ளளவை அந்த வட்டாரமே பங்கிட்டுக்கொள்கிறது, சிலர் விடாமல் இறக்கினால் மற்றவர்களுக்குத் தட்டுப்பாடு வரும். ஆனால் நெரிசல் வருவது இரவு 8 மணிக்குமேல், ஊரே படம் பார்க்கும் நேரத்தில். மீட்டர் கணக்கிடுவதோ மொத்த ஜிபியை. கோபுரம் சும்மா கிடக்கும் விடியற்காலை 3 மணிக்கு இறக்கியதும் பல திட்டங்களில் அதே கணக்கில்தான் கழிகிறது. பெரும்பாலான தினசரித் திட்டங்களில், சந்தாதாரர் தொடாமல் விட்ட டேட்டா நள்ளிரவில் தயிரைவிட விரைவாகக் கெட்டுப்போகிறது. பயன்படுத்தாதவரால் எந்தக் கோபுரத்தில் நெரிசல் என்பதை நிறுவனங்கள் இதுவரை விளக்கவில்லை.

நாள்காட்டிச் சீர்திருத்தம் தனிப் பாராட்டுக்குரியது. 28 நாளுக்கு ஒருமுறை ரீசார்ஜ் என்றால் ஆண்டுக்கு 13 முறை. பன்னிரண்டு மாதத்தில் பதின்மூன்றாவது மாத வருமானம். 30 நாள் செல்லும் திட்டம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று 2022இல் ஆணையம் ஆணையிட்டது. ‘ஒன்றாவது’ என்ற சொல்லை நிறுவனங்கள் மிகுந்த பக்தியோடு கடைப்பிடிக்கின்றன. 28 நாள் திட்டங்களுக்கு ஒரு குறையும் வரவில்லை.

இந்த நடைமுறைகள் நியாயமானவை என்றால், அதே நியாயம் எதிர்த்திசையிலும் செல்லுபடியாக வேண்டும். எனவே சந்தாதாரருக்கு ‘நியாயக் கட்டணக் கொள்கை’ ஒன்றை ஆணையம் அனுமதிக்கக் கோரப்படுகிறது. அதன்படி கட்டணத்தின் முதல் பாதி முழு வேகத்தில் செலுத்தப்படும். பிறகு கட்டணம் நிற்காது. முப்பதில் ஒரு பங்கு வேகத்தில் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும். நிபந்தனைகள் காசோலையின் பின்புறம், பொடி எழுத்தில்.

இப்படிக்கு,
அளவில்லாத் திட்டத்தின் சந்தாதாரர்*