சூடு கண்ட பிராசஸர்

எல்லாம் அமெரிக்கப் பட்டாளத்துக்குப் பீரங்கிக் கணக்கு போடப்போய் வந்த வினை. 1946-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் எனியாக் என்ற கணினியை ஊருக்குக் காட்டினார்கள். சுமார் 30 டன் எடை, ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழல்கள், 150 கிலோவாட் மின்சாரம். தின்கிற மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். 75 கீசரை ஒரே அறையில் ஓடவிட்டதற்குச் சமம். பெரிய பெரிய ஊதுவிசிறிகளை வைத்து அதை ஆற்றினார்கள். விலை என்ன, தள்ளுபடி உண்டா என்று யாரும் கேட்கவில்லை, பணம் பட்டாளத்துடையது.

ஊரான் காசில் கூலர் எவ்வளவு பிரமாதமாக அமையும் என்பதற்கு அடுத்த சாட்சி செய்மோர் கிரே. 1976-இல் வந்த அவருடைய கிரே-1 சூப்பர் கணினிக்கு ஃபிரியான் குளிரூட்டல். சுற்றிலும் மெத்தை தைத்த பெஞ்சு வேறு. அதன் அடியில் இருந்தவை பவர் சப்ளைகள். 1985-இல் கிரே-2 வந்தபோது மனிதர் இன்னும் துணிந்துவிட்டார்: சர்க்யூட் போர்டுகளை அப்படியே ஃபுளோரினெர்ட் என்ற திரவத்துக்குள் முக்கிவிட்டார். அத்திவரதராவது நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை மேலே வந்து தரிசனம் கொடுப்பார். கிரே-2 வேலை பார்த்ததே முழுக்கில்தான்.

நம்மைப்போல் சொந்தக் காசில் கணினி வாங்குகிறவர்களின் வரலாறு இதற்கு நேர்மாறாக, ஒரு பொற்காலத்தில் ஆரம்பிக்கிறது. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் இருந்தது 8088 பிராசஸர், வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். தலையில் அலுமினியமும் இல்லை, விசிறியும் இல்லை. வெற்று மேனியாக உட்கார்ந்து கொடுத்த வேலையைச் செய்துவிட்டுப் போனது. 286, 386 காலத்திலும் பெரும்பாலும் அதே எளிமைதான். 486-இன் வேகம் ஏறியபோது முதலில் ஒரு சிறு அலுமினியத் தகடு வந்தது. 1993-இல் பென்டியம் 5 வோல்ட்டில், சுமார் 15 வாட் சூட்டோடு வந்ததும் விசிறியும் சேர்ந்துகொண்டது. 15 வாட்டா, தாங்குமா என்று அன்று பதறினார்கள். இன்று அது மெல்லிய லேப்டாப்புக்கான அளவு.

அப்புறம் வந்தது பிராசஸர் கம்பெனிகளுக்குள் கௌரவப் பிரச்சினை. 2000 மார்ச் 6-ஆம் தேதி ஏஎம்டி ஒரு கிகாஹெர்ட்ஸ் அத்லான் பிராசஸரை அறிவித்தது. இரண்டே நாளில், மார்ச் 8-இல், இன்டெலும் ஒரு கிகாஹெர்ட்ஸ் பென்டியம் III-ஐ அறிவித்தது. பங்காளிச் சண்டையில் இரண்டு வீட்டிலும் அடுப்பெரிந்தது. புகையைக் குடித்தது வாங்கியவன்.

அடுத்து வந்த அத்லானுக்கு மேல்மூடி கிடையாது. சிலிக்கான் துண்டு பச்சையாகத் துருத்திக்கொண்டிருக்கும். அதன்மேல் கனமான உலோகத்தை வைத்து, கிளிப்பை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி மாட்ட வேண்டும். கொஞ்சம் சாய்ந்தால் சிலிக்கானின் மூலை உடையும். ஸ்க்ரூடிரைவர் வழுக்கினால் மதர்போர்டு கீறும். இரண்டையும் தாண்டி வந்தவர்களுக்குப் பரிசாக நிமிடத்துக்கு 7,000 சுற்று சுற்றும் 60 மில்லிமீட்டர் டெல்டா விசிறி கிடைத்தது. அதன் அலறலில் பக்கத்து அறையில் பேசுவது கேட்காது. சிலருக்கு அது வசதியாகவும் இருந்திருக்கும்.

2001-இல் டாம்ஸ் ஹார்ட்வேர் இணையதளக்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளிலிருந்து, சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகமான ஹீட்சிங்கைக் கழற்றிப் படம் பிடித்தார்கள். பென்டியம் 4 நடையைத் தளர்த்திக்கொண்டு பிழைத்தது. பென்டியம் III உறைந்து நின்றது. அத்லான் புகைவிட்டுச் செத்தது. இன்டெல் பக்தர்களுக்கு அன்று தீபாவளி.

அதே வருஷம் இன்டெலின் பாட் கெல்சிங்கர் ஒரு மாநாட்டில் எச்சரித்திருந்தார்: இப்படியே போனால் சிப்பின் வெப்பச் செறிவு முதலில் அணு உலையை எட்டும், பிறகு ராக்கெட்டின் வாயை, கடைசியில் சூரியனின் மேற்பரப்பை. சொந்த வீட்டுக்காரர் சொன்னால் யார் கேட்பார்கள்? 2004-இல் இன்டெல் பிரெஸ்காட் என்ற பென்டியம் 4-ஐ இறக்கியது, 115 வாட் வரை. மக்கள் உடனே அதற்கு ‘பிரெஸ்-ஹாட்’ என்று பெயர் வைத்தார்கள். 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வரும் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, பிறகு கைவிட்டார்கள். அக்டோபரில் தலைமை அதிகாரி கிரெய்க் பேரட் மேடையில் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். சூடு கண்ட பூனை பாலைக் கண்டு ஓடும் என்பார்கள். பிராசஸர் கம்பெனிகள் பூனைகள் அல்ல: 2022-இல் வந்த கோர் ஐ9-13900கே உச்சத்தில் 253 வாட் தின்றது. இந்த முறை யாரும் மண்டியிடவில்லை.

நம்மைக் காப்பாற்றியது ஒரு செப்புக் குழாய். 1963-இல் லாஸ் அலமோஸில் ஜார்ஜ் குரோவர் விண்வெளி வேலைக்காக உருவாக்கிய ஹீட் பைப்தான் அது. காற்று நீக்கிய குழாய்க்குள் துளி நீர் இருக்கும். சூடான முனையில் அது ஆவியாகி மறு முனைக்கு ஓடும். அங்கே தகடுகளில் சூட்டைக் கொடுத்துவிட்டு மறுபடி நீராகும், உட்சுவரின் நுண்துளைகள் வழியே கசிந்து திரும்பி வரும். மோட்டார் கிடையாது, கரண்ட் செலவு கிடையாது. இந்த விண்வெளிச் சரக்கில் நாலு குழாயைச் சுமார் முப்பது டாலருக்கு விற்று, கூலர் மாஸ்டரின் ஹைப்பர் 212 பல வருஷம் ஏழைகளின் மகாராஜாவாக ஆண்டது.

பணக்காரர் பக்கத்தில் ஆஸ்திரியாவின் நாக்டுவா. விசிறிக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த பழுப்பு நிறத்தைப் பார்த்து விரும்பி வாங்கியவர் எவரும் இருக்க முடியாது. ஆனால் 2014-இல் வந்த என்எச்-டி15 சத்தமில்லாமல் குளிர்வித்தது. விலை சுமார் நூறு டாலர். பிறகு 2022-இல் தைவானின் தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்ஈ வந்தது: இரண்டு தகடுக் கோபுரம், ஆறு ஹீட் பைப், இரண்டு விசிறி, நாற்பது டாலருக்குள். குளிர்விப்பதில் அந்த நூறு டாலர் ராஜாவுக்குச் சில டிகிரிதான் பின்னால். ராஜ்யம் அத்தோடு கவிழ்ந்தது.

ஆகவே புதிதாக அசெம்பிள் செய்கிறவர்களுக்கு: ரைசன் 5 7600, கோர் ஐ5-12400 போன்ற 65 வாட் பிராசஸர்களோடு டப்பாவிலேயே கூலர் வருகிறது. கொஞ்சம் இரையும், வேலையைச் செய்யும். பெயரில் ‘கே’ உள்ள இன்டெல்லோடு கூலர் கொடுப்பதில்லை. அதற்குப் பெரும்பாலும் மேற்படி இரட்டைக் கோபுர வகை போதும். மிச்சக் காசை ராமில் போடுங்கள். கோபுரம் 155 மில்லிமீட்டர் உயரம், கேபினட் மூடுமா என்று அளந்து பாருங்கள். காற்றுக் கூலர் எதுவும் அறைக்காற்றைவிடக் குளிராக்காது; 22 டிகிரி அறையில் சோதித்து எடுத்த வெப்பக் கணக்கோடு, உங்கள் அறை மே மாதத்தில் 38 என்றால், 16-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். பொருத்துவதற்கு முன்னால் கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை மறக்காமல் உரித்துவிடுங்கள்.