கோட்டுப் போட்ட பெட்டியடிப் பையன்

வேலை கிடைத்த செய்தியைச் சொன்னதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "பிரைவேட்டா?" என்பது. ஆமாம் என்றேன். "சரி விடு, அடுத்த வருஷம் பேங்க் பரீட்சை எழுதிக்கலாம்" என்று தோளில் தட்டிக்கொடுத்தார்.

எங்கள் வீட்டில் 'பிரைவேட்' என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான்: கவர்ன்மென்ட் கிடைக்காதவன் போகும் இடம். பிரைவேட் பேங்க் வேறு, பிரைவேட் பேங்கிங் வேறு என்று நான் விளக்கத் தொடங்கியபோது அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"பணக்காரங்களுக்கு மட்டும் தனியா ஒரு பிரிவும்மா. அவங்க பணத்தை எதுல போடணும், எப்படிப் பெருக்கணும்னு கூடவே இருந்து பார்த்துக்கணும்."

"அப்ப மத்தவங்களுக்கு?"

"கவுன்டர் இருக்கு. டோக்கன் எடுத்துட்டு உட்காரலாம்."

"நாம எதுல வருவோம்?"

"டோக்கன்ல."

அரசு வங்கியில் முப்பது வருடம் குப்பை கொட்டி ஓய்வு பெற்ற பெரியப்பாவுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. "1906-ல மெட்ராஸ்ல அர்பத்நாட் கம்பெனி கவுந்தப்ப எத்தனை குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துச்சு தெரியுமா? அந்த அடியிலதான் மறு வருஷமே இந்தியன் பேங்க் பொறந்துச்சு" என்றார், தன் சொந்தப் பணமே அதில் மூழ்கிப் போன குரலில். பெரியப்பா பிறந்தது 1947-ல். என் பதவியின் பெயர் ரிலேஷன்ஷிப் மேனேஜர் என்று தெரிந்ததும் அத்தைதான் உற்சாகமானாள். "கல்யாண புரோக்கர் மாதிரியா? நம்ம சுமதிக்கு ஒரு வரன் பாரேன்."

இது 2007 ஜூன். சென்செக்ஸ் ஏறிக்கொண்டிருந்த நேரம். எம்.பி.ஏ. முடித்தவன் கையில் டை இருந்தால் போதும், யாராவது பிடித்து உள்ளே இழுத்துக்கொள்வார்கள்.

பயிற்சி மும்பையில், அந்தேரியில் ஒரு ஹோட்டலில், பதினான்கு நாள். லண்டனில் கூட்ஸ் என்ற வங்கி 1692-லிருந்து நடக்கிறது, அரச குடும்பமே அதன் வாடிக்கையாளர் என்று ஒரு படம் காட்டினார்கள். ஜெனிவாவில் பிக்டே 1805-லிருந்து நடக்கிறது என்று இன்னொன்று. ஏரி, மலை, வெள்ளை முடியோடு ஒரு கனவான். நாளை நாமும் இப்படி ஏரிக்கரையில் நிற்கப்போகிறோம் என்று எங்களில் பலர் நம்பினோம். கை குலுக்குவது எப்படி என்று அரை நாள் பாடம். கையைப் பிடித்த பிடி மீன் மாதிரி வழுக்கவும் கூடாது, இடுக்கி மாதிரி இறுக்கவும் கூடாதாம். முள்கரண்டி எந்தக் கை, ஒயின் கிளாஸை எங்கே பிடிப்பது என்று இன்னொரு அரை நாள். வட்டி கணக்கிடுவது பற்றி ஒன்றும் சொல்லித்தரவில்லை. அதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளுமாம்.

பதினைந்தாம் நாள் பணியிட உத்தரவு வந்தது. மதுரை.

மதுரையில் ஏரி என்று கேட்டால் வண்டியூர் கண்மாயைக் காட்டுவார்கள். ஜூலை வெயிலில் கறுப்புக் கோட்டோடு நான் கே.கே. நகரில் இறங்கியபோது ஆட்டோக்காரர் பரிதாபமாகப் பார்த்து, "கோர்ட்டுக்கா சார்?" என்றார். கிளையின் மூலையில் எங்கள் பிரிவுக்கென்று தனி அறை உண்டு. தோல் சோபா, காபி மெஷின், சுவரில் பாய்மரப் படகு ஓவியம். உண்மையான பணக்காரன் வங்கிக்கு வரவே மாட்டான் என்பதை நான் கற்றுக்கொள்ள ஒரு வாரம் ஆனது. அந்தச் சோபாவை மதியம் இரண்டு முதல் மூன்று வரை செக்யூரிட்டி அண்ணன் பயன்படுத்திக்கொண்டார். மற்ற நேரத்தில் நான்.

ஆகவே நாங்கள்தான் போக வேண்டும். சிவகாசி, விருதுநகர், தேனி, காரைக்குடி. டையும் தோள்பையுமாகப் போய் நின்றால் எந்த ஊரிலும் ஒரே வரவேற்புதான்: "ரெப்பா? டாக்டர் வீடு அடுத்த தெரு." சிவகாசியில் ஒரு வீட்டில் என்னை உட்கார வைத்து மோர் கொடுத்து, கொசுறாக மூட்டுவலிக்கு சாம்பிள் மாத்திரை இருக்குமா என்றும் கேட்டார்கள். அந்த வீட்டம்மாவின் பெயரில் எங்கள் கிளையில் மட்டும் இரண்டு கோடி இருந்தது.

பிரைவேட் பேங்கிங் என்றால் கோடிகளைக் கையாள்வது என்றுதான் நானும் நினைத்தேன். நான் உண்மையில் கையாண்டவை: செக் புத்தகங்கள், கையெழுத்து மாறிப்போன படிவங்கள், பான் கார்டு நகல்கள், தீபாவளிக்கு நாற்பத்திரண்டு முந்திரிப் பெட்டிகள். ஒரு மில் முதலாளியின் பேரனுக்கு அமெரிக்கக் கல்லூரிக்கான விண்ணப்பக் கட்டுரையை எழுதிக் கொடுத்தேன். அவனுக்கு இடம் கிடைத்தது, எனக்குக் கால் கோடி டெபாசிட் கிடைத்தது. அல்சேஷியன் நாய் ஒன்றுக்கு ஊசி போடுவதற்காக மிருக மருத்துவமனை வாசலில் அரை நாள் நின்றேன். இதற்கெல்லாம் அலுவலக மொழியில் 'உறவை வளர்த்தல்' என்று பெயர். மாதக் கடைசியில் மேலாளர் மட்டும் உறவைப் பற்றிக் கேட்க மாட்டார். "யூலிப் எத்தனை?" என்றுதான் கேட்பார். இன்ஷூரன்ஸும் முதலீடும் சேர்ந்த சரக்கு அது. முதல் வருடப் பிரீமியத்தில் எங்களுக்கு வரும் கமிஷன் கொழுத்தது, வாங்குகிறவருக்கு அது விளங்காதது. இரண்டும் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றன.

இதற்கிடையில் வங்கி ஒருநாள் எனக்கே ஒரு கடிதம் அனுப்பியது. என் சம்பளக் கணக்கில் இருப்பு குறைந்திருப்பதால் அபராதம் பிடித்திருக்கிறார்களாம். கீழே, இது போன்ற சிரமங்களைத் தவிர்க்க உங்கள் ரிலேஷன்ஷிப் மேனேஜரை அணுகவும் என்று இருந்தது.

சென்செக்ஸ் இருபதாயிரத்தைத் தொட்ட பிறகு, நவம்பரில், காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றுக்கு அனுப்பப்பட்டேன். எண்பத்து நான்கு வயதுச் செட்டியார். பணம் முழுவதும் வெறும் டெபாசிட்டில் தூங்குகிறது, தட்டி எழுப்பு என்பது உத்தரவு.

தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நீண்ட வீடு. திண்ணையில் ஷூவின் நாடாவை அவிழ்க்க எனக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. கோட்டும் டையுமாக, வெறுங்காலோடு ஆத்தங்குடிக் கல்லில் நடந்தபோது உள்ளங்காலில் ஏறிய குளிர்ச்சிதான் அந்த மாதம் முழுவதற்குமான ஒரே நல்ல வருமானம். பர்மா தேக்குத் தூணருகே சாய்வு நாற்காலியில் ஐயா இருந்தார். இடுப்பில் வேட்டி, தோளில் துண்டு, வேறில்லை. பயிற்சியில் சொன்னபடி கையை நீட்டினேன். அவர் அதில் தன் வெற்றிலைப் பெட்டியை எடுத்து வைத்து, "அந்தப் பலகையில வச்சிருங்க தம்பி" என்றார்.

விசிட்டிங் கார்டைப் பூதக்கண்ணாடி வைத்து இரண்டு பக்கமும் படித்தார். "உதவி மேலாளர்... பிரைவேட்... சரி, காலையில இருந்து ராத்திரி வரை என்ன செய்வீங்க?"

சொன்னேன். முந்திரிப் பெட்டியிலிருந்து நாய் வரை சொன்னேன். ஏன் அப்படி உளறினேன் என்று தெரியவில்லை; காலில் ஏறிய குளிர்ச்சி காரணமாக இருக்கலாம்.

ஐயா உள்பக்கம் திரும்பி, "ஆச்சி, பெட்டியடிப் பையன் வந்திருக்கான், மோர் கொண்டாரச் சொல்லு" என்றார்.

கோபம் வந்தது. அடுத்த ஒரு மணி நேரத்தில் அது போய்விட்டது. ஐயா பதிமூன்று வயதில், 1936-ல், ரங்கூனுக்குக் கப்பலேறிப் போனவர். அங்கே செட்டியார் கடை என்றால் சாமான் கடை இல்லை, வட்டிக் கடை. ஊரில் இருக்கும் முதலாளியின் பணத்தை மேலாள் ஒருவர் பர்மாவில் கொடுத்து வாங்குவார். அவருக்குக் கீழே அடுத்தாள். எல்லாருக்கும் கீழே, கணக்குப் பெட்டியின் அருகில் உட்கார்ந்து தொழில் பழகுகிறவன் பெட்டியடிப் பையன். கடையைப் பெருக்க வேண்டும், மேலாளுக்கு வெந்நீர் வைக்க வேண்டும், கடன் வாங்கியவர் வீட்டுக்குத் தூது போக வேண்டும், ராத்திரி பேரேடு எழுத வேண்டும். கணக்கு நேராகாமல் சோறு கிடையாது. மேலாளுக்கு மூன்று வருடம் ஒரு தவணை. முடிந்ததும் ஊருக்கு வந்து முதலாளியிடம் கணக்கை ஒப்பிக்க வேண்டும். வட்டி விகிதத்தை எல்லாருமாகக் கோயிலில் கூடிப் பேசி முடிவு செய்வார்களாம். எங்கள் பயிற்சியில் ஜெனிவாவுக்கு மூன்று மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். மதுரையிலிருந்து இரண்டு மணி நேர பஸ் தூரத்தில் இருந்த இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மோரைக் குடித்துவிட்டு மியூச்சுவல் ஃபண்டை எடுத்தேன்.

"நூறு ரூபா கொடுத்தா நூறும் உள்ள போகுமா?"

"இல்லைங்கய்யா, நூத்துக்கு ரெண்டேகால் வாசல்லயே பிடிச்சுக்குவாங்க. என்ட்ரி லோடுன்னு பேரு."

"யாரு பிடிப்பா?"

"ஃபண்டு கம்பெனிக்காரங்க. அதுல பெரும்பகுதி எங்களுக்கு வரும்."

"அப்ப பணம் ஏறுதோ இறங்குதோ, ஒங்களுக்கு முன்கூட்டியே வட்டி." சிரித்தார். "எங்க ஆளுங்களைத்தான் அநியாய வட்டின்னு எழுதினாங்க."

(அந்த வாசல் வசூலை 2009 ஆகஸ்டில் செபி தடை செய்தது. ஐயாவிடம் முதலில் கேட்டிருந்தால் நேரம் மிச்சமாகியிருக்கும்.)

அடுத்து, ரிஸ்க் படிவம். வாடிக்கையாளரின் மனத்திண்மையை அளக்கும் கருவி என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஐந்தாம் கேள்வி: உங்கள் முதலீடு ஒரே வருடத்தில் 20 சதவீதம் குறைந்தால் என்ன செய்வீர்கள்? அ, முழுவதையும் விற்பேன். ஆ, பாதியை விற்பேன். இ, காத்திருப்பேன். ஈ, இன்னும் வாங்குவேன்.

ஐயா வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"1930-க்குப் பொறவு நெல்லு விலை படுத்துருச்சு தம்பி. கடன் வாங்கினவன் பணம் தர முடியாம நிலத்தைக் கொடுத்தான். எங்க ஆளுங்களுக்கு நிலம் வேணாம், பணம்தான் வேணும். ஆனாலும் வந்து சேந்துச்சு. கீழ்ப் பர்மாவுல நெல்லு வெளையிற நிலத்துல நாலுல ஒரு பங்கு செட்டியார் கையில. பேப்பர்ல பாத்தா ராஜா. 1941 டிசம்பர் 23, ரங்கூன்ல குண்டு விழுந்துச்சு. நான் மணிப்பூர் வழியா நடந்து வந்தேன். சண்டைக்குப் பொறவு அவுக சொதந்திரம் வாங்கி, நிலத்தையும் எடுத்துக்கிட்டாக." தாளை என்னிடம் நீட்டினார். "மொத்தமும் போனா என்ன செய்வேன்னு கேட்டு இதுல கட்டம் இல்லையே?"

இல்லை. உ என்று ஒன்றை நானே போட்டுவிடலாமா என்று பார்த்தேன். பக்கத்தில் இடமும் இல்லை.

கடைசியில் ஐந்து லட்சத்துக்கு ஒரு செக் எழுதினார். பையன் வெயில்ல வந்திருக்கான் என்று ஆச்சி சொன்னதுதான் காரணம். எங்கள் பிரிவின் குறைந்தபட்ச எல்லையோ இருபத்தைந்து லட்சம். மேலாளர் திட்டினார்.

ஜனவரியில் சென்செக்ஸ் இருபத்தோராயிரத்தைத் தாண்டியது. நான் ஒரு புதுக் கோட்டு தைத்துக்கொண்டேன். அதோடு அந்த ஏற்றம் முடிந்தது. செப்டம்பர் 15, லேமன் பிரதர்ஸ் திவால். அக்டோபர் கடைசியில் குறியீட்டெண் ஒருநாள் எட்டாயிரத்துக்கும் கீழே போய் வந்தது. வீட்டுக் கடன் கொடுத்தவர்களிடம் பணத்துக்குப் பதில் வீடாக வந்து சேர்ந்ததாம் அமெரிக்காவில்; கேட்ட கதைதான். அந்த நாட்களில் என் செல்போன் அடிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கியது. ரிஸ்க் படிவத்தில் 'ஈ'யைத் தட்டிய சிங்கங்கள் எல்லாம் என் அம்மாவைப் பற்றி விசாரித்தார்கள். மூட்டுவலி அம்மா ஒருவர்தான் கனிவாக, "ஒனக்கு பி.பி. மாத்திரை இருந்தா நீயே போட்டுக்கப்பா" என்றார்.

நவம்பரில் ஐயாவுக்கு ஸ்டேட்மென்ட் கொண்டு போனேன். நாடா இல்லாத ஷூ. ஐந்து லட்சம் இரண்டே முக்காலாக ஆகியிருந்தது. அவர் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டு, ஒருமுறை கூட்டிப் பார்த்து, மூடி வைத்தார். அவ்வளவுதான். என்னைத்தான் உற்றுப் பார்த்தார்.

"புதுக் கோட்டா?"

"ஆமாங்கய்யா."

"ஒங்க ஐந்தொகை எப்படி?"

நான் விழித்தேன். சொத்து இந்தப் பக்கம், கடன் அந்தப் பக்கம், எழுதிக் கழித்துக் கோடு போட வேண்டும் என்று ஒரு வெற்று நோட்டை எடுத்துக் கொடுத்தார். "கோட்டுக்கு மேல எல்லாம் நல்லாத்தான் இருக்கும். கோட்டுக்குக் கீழ என்ன வருதுன்னு பாருங்க." எந்தக் கோட்டைச் சொல்கிறார் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. ஆச்சி பணியாரம் கொண்டுவந்தார். கிளம்பும்போது ஐயா, செக் புத்தகம் தீர்ந்துபோச்சு, அடுத்த தடவை மறக்காம கொண்டாங்க என்றார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. நோட்டைப் பிரித்தேன். சொத்து: கோட்டு இரண்டு, செல்போன் ஒன்று, பி.எஃப். கொஞ்சம், எங்கள் வங்கியே ஊழியர்களுக்குத் தலையில் கட்டிய யூலிப் ஒன்று. கடன்: அரசு வங்கியில் அப்பா ஜாமீன் போட்ட கல்விக் கடன் இரண்டே கால் லட்சம், கிரெடிட் கார்டு முப்பத்தோராயிரம், புதுக் கோட்டின் தையல் கூலி பாக்கி. திருப்பத்தூர் வரை எழுதினேன். மேலூர் தாண்டும்போது கூட்டிக் கழித்துக் கோடு போட்டேன்.

பக்கத்து சீட்டுப் பெரியவர் மடியில் குனிந்து அதை வாசித்துக்கொண்டு வந்திருக்கிறார். "கடை வச்சு நொடிச்சுப் போச்சா தம்பி?" என்றார் இரக்கமாக.

"இல்லைங்க, பேங்க்ல வேலை பார்க்கிறேன். மத்தவங்க பணத்தைப் பார்த்துக்கிறது."

அவர் கோட்டைப் பார்த்தார். கோட்டுக்குக் கீழே இருந்த தொகையை இன்னொரு முறை பார்த்தார். பிறகு எங்கள் இருவருக்கும் நடுவே வைத்திருந்த மஞ்சள் பையை மெதுவாக எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.