மால்வேரின் மனு

பெறுநர்: சுகாதார அமைச்சு, சிங்கப்பூர்.
அனுப்புநர்: மால்வேர் என்னும் தீய நிரல், நிரந்தர முகவரி இல்லாதவர்.
பொருள்: மெய்நிகர் உலாவியால் பிழைப்பு கெட்டது – நிவாரணம் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

மனுதாரர் பரம்பரையாக உலாவி வழியே பிழைப்பவர். ஊழியர் எவரேனும் கண்ட பக்கத்தைத் திறந்தால் அதோடு ஒட்டிக்கொண்டு கணினிக்குள் இறங்குவது குலத்தொழில். 2018 ஆகஸ்ட்டில் அன்றைய சுகாதார அமைச்சர் கான் கிம் யோங், தேசியப் பல்கலைக்கழகச் சுகாதாரக் கட்டமைப்பில் மெய்நிகர் உலாவி சோதிக்கப்படும் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அன்று போனது மனுதாரரின் தூக்கம்.

மருத்துவர் ஒரு மருந்தைப் பற்றி இணையத்தில் தேடுகிறார். பக்கம் அவர் கணினியில் திறப்பதில்லை; தனியே ஒதுக்கிவைத்த சர்வரில் திறக்கிறது. அவர் மேசைக்கு வருவது திரையின் படம் மட்டுமே. மனுதாரர் அரும்பாடுபட்டு நுழைந்தாலும் நுழைந்த இடம் அந்த சர்வர்தான். வேலை முடிந்ததும் உலாவியை மனுதாரரோடு சேர்த்தே அழித்துவிட்டு, அடுத்த முறைக்குப் புதிதாக ஒன்றைத் திறந்துகொள்ளலாம். அந்தத் தடுப்பையும் உடைக்கத் தெரிந்த உறவினர் சிலர் உண்டு. அவர்கள் கேட்கும் கூலி கட்டுப்படியாகாது.

எல்லாம் சிங்ஹெல்த் என்ற பொதுச் சுகாதாரக் குழுமத்தில் நடந்த ஊடுருவலால் வந்த வினை. 2018 ஜூன் 27 முதல் ஜூலை 4 வரை சுமார் 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் களவு போயின. ஏறக்குறைய 1,60,000 பேரின் மருந்து விவரங்களும் போயின. அன்றைய பிரதமர் லீ சியன் லூங்கும் அவர்களில் ஒருவர். அரசு ஊழியர்களின் கணினிகளில் 2017லேயே இணையத்தைத் துண்டித்தவர்கள், பொது மருத்துவமனைகளை விட்டுவைத்த உபகாரத்தை மனுதாரர் மறக்கவில்லை. களவு தெரிந்ததும் அங்கும் துண்டித்தார்கள். நோயாளிகள் காத்திருக்கும் நேரம் கூடியது. முழுத் துண்டிப்புக்கும் திறந்த இணையத்துக்கும் நடுவழியாக வந்ததே இந்த மெய்நிகர் உலாவி.

ஆனால் பழியெல்லாம் இணைய உலாவல் மேலேயே விழுவது நியாயமா? அந்தக் களவு பற்றி 2019 ஜனவரியில் வெளியான விசாரணைக் குழு அறிக்கையைப் புரட்டிப் பாருங்கள். ஒரு நிர்வாகிக் கணக்கின் பாஸ்வேர்டு, ‘பாஸ்வேர்டு’ என்பதே! ஆங்கில ‘ஏ’க்குப் பதில் @, ‘ஓ’வுக்குப் பதில் பூஜ்யம்; பூட்டு அவ்வளவுதான். ஜூனிலேயே ஏதோ சரியில்லை என்று கண்ட ஊழியர்களும் இருந்தார்கள். மேலிடத்துக்குச் சொன்னால் இரவுபகலாகக் குடைவார்கள் என்று பொறுப்பில் இருந்த ஒருவர் தயங்கினார். இணையப் பாதுகாப்பு அமைப்புக்குத் தகவல் போனது ஜூலை 10 அன்று.

ஆகவே, மெய்நிகர் உலாவியை எத்தனை வேண்டுமானாலும் நிறுவிக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டுகளை மட்டும் மாற்றவேண்டாம். அபாயமணி அடிக்க நினைக்கும் ஊழியரை முதலில் மூன்று கூட்டங்களுக்கு அழைக்கவும். போலி வங்கிப் பக்கம் படமாக வந்தாலும் ரகசிய எண்ணைத் தட்டுகிறவர்களுக்குப் பயிற்சி எதுவும் தரவேண்டாம். மின்னஞ்சலோடு வரும் கோப்புகளைச் சோதிக்காமல் கணினியிலேயே திறக்கும் நல்ல வழக்கமும் தொடரட்டும்.

இப்படிக்கு,
மால்வேர்

இணைப்பு: ஒன்று. மிக அவசரம், உடனே திறக்கவும்.